யாரும் பார்க்காத நிறம்

ஜூன் 3, செவ்வாய்

இன்று வேலை தொடங்கியது என்று எழுத ஆசைதான். தொடங்கியது நான் மட்டும். விடிந்ததும் வருவதாகச் சொன்ன அண்ணன் மாடி ஏறி வரும்போது கீழே சௌந்தரம் அண்ணி சோறு வடித்தாகிவிட்டது. கேட்டால், "கரண்டு போயிருந்துச்சு மங்கை" என்கிறான். வாட்டர் கலருக்குக் கரண்டு எதற்கு?

இந்தப் புத்தகம் எங்களுக்கு வந்த வேலைகளிலேயே பெரியது. இந்த நாட்டில் வாழ்ந்து மறைந்த விலங்குகள், டைனோசரிலிருந்து ஆதி யானை வரை. குழந்தைகளுக்கு, தமிழில், பக்கத்துக்குப் பக்கம் படம். எலும்புக்கூட்டைப் படித்து, உடம்பு எப்படி இருந்திருக்கும் என்று கணித்து, பென்சிலிலும் மையிலும் வரைவது என் பாடு. வண்ணம் அண்ணன் பாடு. முதலில் வாட்டர் கலரைத் தண்ணீராக ஓட விடுவான். காயும் முன் உப்புக்கல்லைத் தூவித் தோலில் சொரசொரப்பு வர வைப்பான். மேலே போஸ்டர் கலர், அதற்கும் மேலே கலர் பென்சில். உறையூரில் பள்ளிக்கூட சார்ட் போட்ட காலத்திலிருந்து இதுதான் ஏற்பாடு. சிறுநீரகம் நான் வரைவேன், சிவப்பு அவன் பூசுவான். கீழ்மூலையில் 'அம்பலவாணன் - மங்கையர்க்கரசி' என்று போட்டதைப் பார்த்துவிட்டுக் கணவன் மனைவியா என்று கேட்காத ஹெட்மாஸ்டர் இல்லை.

முதல் படம் டைட்டனோசர். நீண்ட கழுத்து, யானைக்கால், நூறு சதம் சாகபட்சிணி. முதுகுக்குப் பழுப்பு கலந்த பச்சை என்று ஓரத்தில் எழுதியே கொடுத்திருந்தேன். நீலம் பூசி வைத்திருக்கிறான்.

"என்னண்ணே இது?"

"என்ன? பச்சைதானே கேட்ட?"

முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னான். முதல் நாளே விளையாட்டு. நான் சிரிக்கவில்லை.

ஜூன் 6, வெள்ளி

மோட்டார் காயில் போய்விட்டது. தண்ணீர் இல்லை. பிரஷ் கழுவக் குடிதண்ணீரை எடுத்ததற்கு அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. முன்பெல்லாம் சொல்லுவாள்.

அண்ணன் பூசிக்கொண்டே இருந்தவன் திடீரென்று நிறுத்திக் காகிதத்தை ஊதினான். விரலால் தட்டினான். மறுபடி ஊதினான். "பேப்பர்ல முடி ஒட்டிட்டு இருக்கு பாரு. தலையை முடிஞ்சுட்டு உக்காரக் கூடாதா?"

காகிதத்தில் முடி இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், இல்லை. எனக்கு முடி கொட்டுவதைச் சொல்லிக் காட்டுகிறான். இவன் தலையில் என்ன வாழ்கிறது?

ஜூன் 12, வியாழன்

நல்ல வார்த்தை ஒன்றுகூட எழுதப் போவதில்லை இன்று.

டைனோசர் முட்டைக் கூட்டுக்குள் பாம்பு சுருண்டிருக்கும் படம். பொரிந்து வெளியே வந்த குஞ்சைப் பாம்பு பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு செதிலையும் மைக்கோட்டில் போட்டு முடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. அதன் மேல் இங்க் புட்டியைத் தட்டிவிட்டான். புட்டி அவன் கைக்கு நேரே இருந்தது. இடது பக்கம் எப்போதும் வைக்கிற இடத்தில்.

"கண்ணு எங்க இருக்கு உனக்கு?" என்று கத்தினேன்.

துணியை எடுத்துத் துடைத்தான். மை இல்லாத இடத்தைத் துடைத்தான். அவ்வளவு அலட்சியம்.

ஜூன் 13, வெள்ளி

பேசவில்லை. பாம்பை மறுபடி முதலிலிருந்து.

ஜூன் 24, செவ்வாய்

ஹாஜிரா போன் செய்தாள். பதிப்பகத்தில் இந்தப் புத்தகத்தைக் கவனிப்பவள் அவள்தான். சின்னப் பெண், வாக்கியத்துக்கு இரண்டு 'மேடம்'. அனுப்பிய மாதிரிப் படங்களைப் பார்த்திருக்கிறாள்.

"மேடம், ராஜாசாரஸ் கழுத்துல ஊதாப் பட்டை இருக்கே, அது சார் வேணும்னே போட்டதா மேடம்?"

"பின்னே? யோசிக்காமப் போடுவாரா? ஆண் மிருகம். இணை தேடற காலம். பறவை, ஓணான்லாம் கழுத்துல நெறம் காட்டறது இல்லையா?"

"சூப்பர் மேடம். எழுதறவங்ககிட்ட சொல்றேன்."

போனை வைத்துவிட்டு அவனிடம் திரும்பினேன். தலையில் கொம்புக் குமிழ் வைத்த, ஆளை விழுங்குகிற மிருகம். காய்ந்த புதரில் பதுங்கி வேட்டையாடுவது. அதற்குக் கல்யாண ஜமுக்காளம் மாதிரி ஊதாக் கழுத்து. உடும்பு, முதலை, ஓணான் என்று ஆல்பம் நிறையப் படம் சேர்த்துக் கொடுத்தது எதற்கு?

"யாரு பாத்தா மங்கை?" என்றான் நிதானமாக. "எலும்புதான் கெடைச்சுது. நெறத்தை எவன் பாத்தான்?"

"எவனும் பாக்கலங்கறதுக்காக இஷ்டத்துக்குப் பூசலாமா? எவனும் பாக்காததுக்குத்தாண்ணே கூடுதலா யோசிக்கணும்!"

பிரஷ்ஷைத் தண்ணீரில் விட்டான். தண்ணீர் டம்ளர் அல்ல அது. என் காப்பி.

ஜூலை 6, ஞாயிறு

பெரம்பலூர்ப் பக்கம் காரை என்கிற ஊருக்குப் போய்வந்தோம். கடல் படத்துக்கு மண்ணின் நிறம் பார்க்க. அந்த இடம் முழுவதும் ஒரு காலத்தில் கடல். மழை அறுத்த ஓடைகளில் இறங்கினால் காலடியெல்லாம் சிப்பியும், அம்மோனைட் என்கிற கடல் சுருள்நத்தையும் கல்லாகிக் கிடக்கும். வாடகைக் கார். ஒரு மாதமாக நச்சரித்து இவனைக் கிளப்பினேன்.

வந்து இறங்கியவன் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

"இறங்கி வாண்ணே. மேலேர்ந்து பாத்தா என்ன தெரியும்?"

"முட்டி வலிக்குது. நீ போயிட்டு வா."

முட்டி வலியாம். காலையில் மாடிப்படியில் ஒன்றும் வலித்ததாகத் தெரியவில்லை. நான் தனியாக இறங்கி, சறுக்கி, உள்ளங்கையைச் சிராய்த்துக்கொண்டு, மண்ணைப் பொட்டலம் கட்டி மேலே வந்தேன். இவன் கார் நிழலில் உட்கார்ந்திருந்தான்.

"என்ன நெறம்?"

"கண்ணு முன்னாடிதானே கெடக்கு!"

"உன் வாயால சொல்லேன்."

எரிச்சலில் கொட்டினேன். "மேல துருப்பிடிச்ச தகரம். அதுக்குக் கீழ பழைய மஞ்சத்தூள். அடியில அடுப்புச் சாம்பல். பள்ளத்துல மட்டும் ஒரு ஊதா, அடிபட்ட எடம் கன்னிப்போன மாதிரி. போதுமா?"

கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். தூங்கிவிட்டானோ என்று நினைத்தேன். பிறகு பொட்டலத்தைப் பிரித்து மண்ணை விரலுக்கிடையில் நசுக்கி, முகர்ந்து, கொஞ்சம் நாக்கிலும் வைத்தான். டிரைவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

திரும்பும் வழியில் டீக்கடைப் படியில் இடறி விழப் போனான். செருப்பு தேய்ந்துவிட்டது, மாற்றச் சொன்னால் மாற்றுவதில்லை.

ஜூலை 22, செவ்வாய்

கடல் படம் முடிந்தது. சுருள்நத்தைகள் கூட்டமாக நீந்துகின்றன, கீழே இருட்டிலிருந்து சுறா மேலே வருகிறது. ஆழத்தில் சாம்பல், அதில் கலங்கின மஞ்சள், சுறாவின் அடியில் அந்தக் கன்னிப்போன ஊதா.  இத்தனை வருடத்தில் இவன் இப்படி ஒன்று போட்டதில்லை.

நான் சொன்ன நிறங்கள். வரிசைகூட நான் சொன்ன வரிசை. ஒரு வார்த்தை, 'நீ சொன்னது உதவுச்சு' என்று? கிடையாது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. அண்ணி ஐந்து வகைச் சோறு கிளறினாள். அண்ணன் சர்க்கரைப் பொங்கலை இரண்டாம் தரம் கேட்டான். அவனுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. தட்டைப் பிடுங்கினேன். "அவரு சாப்பிடட்டும் விடு மங்கை" என்றாள் அண்ணி. மாத்திரையை மறந்தால் வீட்டையே இரண்டாக்கும் அண்ணி! எல்லோருக்கும் என்ன ஆகிவிட்டது?

ஆகஸ்ட் 14, வியாழன்

மூக்கு காகிதத்தில் படுகிற மாதிரி குனிந்து பூசுகிறான். மூக்கு நுனியில் பச்சை. கண்ணாடி பழசு, மாற்று என்றால் கஞ்சத்தனம். நானே தில்லைநகர்க் கடையில் விசாரித்து, பவர் பார்க்க நாளை வருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

"யாரு உன்னைக் கேட்டா?" என்று கண்ணாடியைக் கழற்றி மேசையில் அடித்தான்.  பிறகு தேடினான். அது அவன் முழங்கைக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. எடுத்துக் கொடுக்கவில்லை நான். தேடட்டும்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. தெருமுனை மைக்செட் காலையிலிருந்து.

கலர் டியூப் ஒவ்வொன்றின் கழுத்திலும் நூல் கட்டியிருக்கிறான். ஒன்றில் ஒரு முடிச்சு, ஒன்றில் இரண்டு, இன்னொன்றில் குருவிக் கூடு மாதிரி. மூடி திருகவே முடியவில்லை. எல்லாவற்றையும் கத்தரியால் நறுக்கிப் போட்டுவிட்டு ஒழுங்காக அடுக்கினேன். சாயங்காலம் வந்து டியூப்களைத் தடவிப் பார்த்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"யாரு பண்ணா?"

"நான்தான். என்ன கோமாளித்தனம் அது?"

திட்டுவான் என்று காத்திருந்தேன். எழுந்து கீழே போனான், சுவரைப் பிடித்துக்கொண்டு. முட்டி வலிதான் போல.

செப்டம்பர் 4, வியாழன்

பேனாவை அழுத்தி அழுத்தி எழுதுகிறேன்.

ஹாஜிரா போன். "மேடம், மிச்சப் படத்துக்கு லைன் டிராயிங் மட்டும் ஸ்கேன் பண்ணி அனுப்புங்க. இங்க கம்ப்யூட்டர்ல கலர் பண்ணிக்கறோம். சார் சொன்னாரே மேடம்?"

சார் சொன்னாராம். என்னிடம் கேட்காமல். இருபத்தைந்து வருடக் கூட்டு, எனக்குத் தெரியாமல் ஒரு போனில் முடித்துவிட்டான்.

கீழே போனேன். ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தான்.

"என்ன சொன்ன ஹாஜிராகிட்ட?"

"அலுத்துப் போச்சு மங்கை."

"அலுத்துப் போச்சா?"

"ம். செத்துப்போன மிருகத்துக்கெல்லாம் எத்தனை நாளு பெயிண்ட் அடிக்கறது?"

"அப்ப நானும் செத்துப் போனேன்னு நெனச்சுக்கோ."

அண்ணி சமையலறை வாசலில் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவளைப் பார்த்தும் கோபம் வந்தது. எதற்கு அழுகை? யார் என்ன செய்துவிட்டார்கள் இவளை?

செப்டம்பர் 5, வெள்ளி

இவன் இல்லாவிட்டால் படம் நின்றுவிடுமா? ஆதி யானையை நானே பூசினேன். தந்தங்கள் இரண்டும் நெருங்கி நீண்டு, தும்பிக்கை நடுவில் நுழைய இடமே இல்லாத அற்புதமான மிருகம்.

கட்சிப் போஸ்டர் யானை மாதிரி வந்திருக்கிறது. கிழித்தேன்.

செப்டம்பர் 10, புதன்

அண்ணி சுரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் காப்பிப்பொடி கேட்கப் போனேன். அவள் நறுக்குவதை நிறுத்தாமலே சொன்னாள்.

"அவருக்குக் கண்ணு தெரியல மங்கை."

"என்னது?"

"சர்க்கரைதான். கண்ணுக்குள்ள ரத்தம் கசிஞ்சு போச்சாம். எடது பொங்கலுக்கு முன்னாடியே. வலதும் இப்பப் போயிட்டு இருக்கு. ஊசி போட்டாங்க, லேசர் வெச்சாங்க. உன்கிட்ட சொன்னா செத்துருவேன்னு என் கையைத் தன் தலையில வெச்சு சத்தியம் வாங்கிட்டாரு."

நான் கேட்ட முதல் கேள்வி: "ஹாஜிராவுக்குத் தெரியுமா?"

தெரியுமாம். போன வாரம் சொல்லியிருக்கிறான். சென்னையில் இருக்கிற, ஒரு தடவை பார்த்த பெண்ணுக்குத் தெரியும். ஒரே மேசையில் எதிரே உட்கார்ந்திருக்கிற எனக்குத் தெரியாது.

"நீங்களும் ஒரு மனுஷியா அண்ணி? வாயில என்ன வெச்சிருந்தீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவள் சுரைக்காயைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

அவன் அறைக்குப் போய்க் கதவை உதைத்துத் திறந்தேன்.

"ஏன் சொல்லல?"

யார் சொன்னது என்றெல்லாம் அவன் கேட்கவில்லை. கட்டிலில் நகர்ந்து இடம் விட்டான். நான் உட்காரவில்லை.

"பச்சைக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் தெரியாம பூசினியே, அப்ப சொல்லக் கூடாதா? முடி முடின்னு காகிதத்தை ஊதினியே, அப்ப? நூலை நறுக்கிப் போட்டேனே, அப்பவாவது, 'ஏண்டி நறுக்கின'ன்னு ஒரு அறை விட்டிருக்கக் கூடாதா? நான் பாட்டுக்குக் கத்தறேன், நீ பாட்டுக்குக் கேட்டுட்டு இருக்க!"

"கத்தட்டும்னுதான் சொல்லல."

"என்ன ஒளறல் இது?"

"சௌந்தரத்துகிட்ட சொன்ன அன்னியிலேர்ந்து அவ என்கிட்ட ஒரு சண்டை போடல மங்கை. காப்பி டம்ளரைக் கையில வெச்சு விரலை மடக்கி விடறா. டாக்டரு தோள்ல தட்டிக் குடுக்கறாரு. ஹாஜிரா, 'ரெஸ்ட் எடுங்க சார்'ங்குது. நீ ஒருத்திதான் 'என்ன எழவு கலர் இது'ன்னு கேட்ட. நீ கேட்ட வரைக்கும் நான் கலரைத் தப்பாப் போட்ட பெயிண்டர். சொல்லியிருந்தா, கண்ணு தெரியாதவன். அவ்ளோதான்."

  மாடிக்கு வந்து வாஷிங் மெஷினில் துணியைப் போட்டேன். முழுச் சுற்றும் முடிந்த பிறகுதான் தெரிந்தது, சோப்புத்தூள் போடவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

ஹாஜிராவுக்கு நானே போன் செய்தேன். கம்ப்யூட்டர் வேண்டாம் என்றேன்.

"மேடம், சாரோட உடம்புதானே முக்கியம்..."

"உடம்பைப் பத்தி அவர் பொண்டாட்டி பேசிக்குவாங்க. நீ படத்தைப் பத்திப் பேசு. கடல் படம் எப்படி இருந்துச்சு?"

 "அந்தப் படத்தை எங்க ஆபீஸ் சுவத்துல ஒட்டி வெச்சிருக்கோம் மேடம்."

"அதை உங்க கம்ப்யூட்டர் போடுமா?"

நவம்பர் கடைசி வரை அவகாசம் கேட்டு வாங்கித் தருவதாகச் சொன்னாள். எங்கள் பொருட்டு அங்கே யாரிடமோ சண்டை போடப் போகிறாள். நல்ல பெண்தான். 'மேடம்' மட்டும் குறைக்கலாம்.

செப்டம்பர் 18, வியாழன்

டியூப்களில் மறுபடி முடிச்சு. இந்தத் தடவை நான் கட்டினேன், அவன் சொல்லச் சொல்ல. பச்சைக்கு இரண்டு. நீலத்துக்கு மூன்று. கழுத்தை இறுக்கிக் கட்டாதே என்கிறான். உத்தரவு வேறு.

நான் நிறத்தைச் சொல்கிறேன், அவன் கலக்குகிறான். "ஈயப் பாத்திரம் கருத்த மாதிரி" என்றால் சரியாக வருகிறது. "டார்க் கிரே" என்றால் வருவதில்லை. "ஒழுங்கா சொல்லத் தெரியலன்னா வாயை மூடு" என்றான் இன்று. "ஒழுங்காப் பூசத் தெரியலன்னா பிரஷ்ஷைக் கீழ வை" என்றேன். அண்ணி காப்பி கொண்டுவந்தவள் படியிலேயே நின்றுவிட்டாள். சிரித்தாளா என்று தெரியவில்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. பிரஷ்ஷையெல்லாம் கழுவிச் சந்தனம் வைத்தோம். ஆதி யானை முடிந்து மூன்று நாளாகிறது. இனி ஒரே படம் பாக்கி. அண்ணனின் வலது கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. சாமி கும்பிடும்போது என்ன வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை. கற்பூரத்தைப் பார்த்து முறைத்துக்கொண்டு நின்றேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

மதுரை. கண் ஆஸ்பத்திரி. ஆபரேஷன் நன்றாக நடந்ததாம். நன்றாக என்றால் என்ன என்று கேட்டேன். கட்டு பிரித்த பிறகு தெரியும் என்றார்கள்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ஊரே வெடிக்கிறது. இவன் குப்புறப் படுத்துக் கிடக்கிறான். கண்ணுக்குள் காற்று வைத்திருக்கிறார்கள், தலையை நிமிர்த்தக் கூடாது. நான் அதிரசத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமே போகவில்லை. சர்க்கரையைக் கண்டுபிடித்தவன் யாரென்று தெரிந்தால் நல்லது.

நவம்பர் 5, புதன்

டாக்டர் சொல்லிவிட்டார். வலது கண்ணில் வெளிச்சம் தெரியும், உருவம் தெரியும், ஆள் அசைந்தால் தெரியும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

நவம்பர் 12, புதன்

கடைசிப் படம் சிவாதீரியம். ஒட்டகச்சிவிங்கிக்கு உறவு, ஆனால் யானைக்குச் சமமான ஆகிருதி. தலையில் பெரிய கிளைக்கொம்பு. இதைத் தானே தனியாகப் பூசுவேன் என்றான். "நீ கீழ போ. பக்கத்துல நின்னு ஓதாத."

போனேன். நாள் முழுக்க அண்ணியோடு உட்கார்ந்து பூண்டு உரித்தேன். கூப்பிட்டபோது வெயில் சாய்ந்திருந்தது.

கழுத்து முழுக்க ஊதா. வயிற்றின் நிறம் கோட்டைத் தாண்டி வானத்தில் ஓடியிருக்கிறது. இடது முன்காலையும் தரையையும் ஒரே பழுப்பால் பூசிவிட்டதில் அந்தக் கால் காணாமலே போய்விட்டது. மூன்று காலில் நிற்கிறது அவ்வளவு பெரிய மிருகம்.

"எப்படி?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் நின்ற இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளிப் பார்த்துச் சிரித்தான். சட்டைக் கையெல்லாம் ஊதா.

"நல்லா இருக்குண்ணே" என்றேன்.

"நல்லா இருக்கா?"

"ம்."

டம்ளரைத் தடவி எடுத்தான். பிரஷ்களை ஒவ்வொன்றாகக் கழுவினான். நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கித் துணியில் வரிசையாகப் படுக்க வைத்தான். "சரி. அப்ப முடிஞ்சுது" என்றான். படத்தைச் சொல்கிறான் என்றுதான் நினைத்தேன்.

நவம்பர் 13, வியாழன்

மாடிக்கு வரவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

வரவில்லை. அண்ணியிடம் கேட்டேன்.

"கலர் டப்பாவையெல்லாம் பக்கத்து வீட்டுப் புள்ளைங்களுக்குக் குடுத்துரச் சொன்னாரு. மங்கையே நல்லா இருக்குன்னு சொல்லிட்டா, இனிமே எனக்கென்ன வேலைன்னாரு."

அண்ணி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நவம்பர் 16, ஞாயிறு

கரூரிலிருந்து அண்ணியின் தம்பியும் அவர் மனைவியும் பார்க்க வந்தார்கள், பை நிறையச் சாத்துக்குடியோடு. அண்ணன் ஊஞ்சலில். அவனை வைத்துக்கொண்டே பேசுகிறார்கள், காதும் கேட்காதவன் மாதிரி.

"எவ்ளோ கெட்டிக்கார மனுஷன். பாவம்."

"எல்லாம் நல்லா அனுபவிச்சு முடிச்சாச்சு. இனிமே பாட்டு கீட்டு கேட்டுட்டு நிம்மதியா உக்காந்திருக்கட்டும்."

"ஆமாங்க" என்றான் அண்ணன். தலையைக்கூட ஆட்டினான். அம்பலவாணன், சார்ட்டில் ஓடுகிற காவிரிக்கு நீலம் போதவில்லை என்று அச்சகத்தின் ஷட்டரை இழுத்துச் சாத்தியவன், "ஆமாங்க" என்றான்.

மாடிக்கு ஓடினேன். படத்தைப் பலகையோடு தூக்கிக்கொண்டு வந்து அவன் முன்னால் நின்றேன்.

"இது என்ன கழுத்து?"

ஊஞ்சல் நின்றது.

"கேக்கறேன்ல? இது கழுத்தா, கத்தரிக்காயா? வயித்துக் கலரு வானத்துல போயி மேயுது. எடது முன்னங்காலைக் காணும். மூணு காலு! நாளைக்கு ஏதாவது ஒரு குழந்தை எண்ணிப் பாத்துட்டு 'அம்மா, இதுக்கு ஏன் மூணு காலு'ன்னு கேட்டா நானா போயி பதில் சொல்வேன்? இதுல என் பேரும் வருது!"

"மங்கை, விருந்தாளி வந்திருக்கறப்போ..." என்றார் அண்ணியின் தம்பி.

"நீங்க சாத்துக்குடி சாப்பிடுங்க."

"நல்லா இருக்குன்னு சொன்னியே?" என்றான் அண்ணன்.

"பொய் சொன்னேன்! நீ மட்டும்தான் பொய் சொல்லுவியா? பத்து மாசம் சொன்னியே! இந்த மாசக் கடைசியில ஹாஜிராவுக்கு அனுப்பணும். எந்திரி. மேல வா."

அவன் முகம் என் பக்கம் திரும்பியது. இந்தத் தடவை சத்தத்தை வைத்துச் சரியாகவே திரும்பியது. உதடு கோணியது. அழப் போகிறான் என்று பயந்துவிட்டேன்.

"என்னமோ பெருசா கத்தரிக்காய்ங்கற. கழுத்துக்குக் கருஞ்செவப்பு மண்ணு கலருன்னு சொன்னது யாரு? அன்னிக்கு முடிச்சைத் தப்பாக் கட்டினது யாரு?"

"நான் ஒண்ணும் தப்பாக் கட்டல!"

"செவப்புக்கு எத்தனை முடிச்சு?"

சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். தப்பாகத்தான் கட்டியிருக்கிறேன், சிவப்பின் முடிச்சை ஊதா டியூபில்.

எழுந்தான். கரூர்க்காரர் கையைப் பிடிக்க வந்தார். "விடுங்க" என்று உதறிவிட்டுச் சுவரைத் தொட்டுக்கொண்டு மாடிப்படி ஏறினான். அண்ணி கீழேயிருந்து, "மாத்திரை போட்டீங்களா? எத்தனை தடவை சொல்றது?" என்று கத்தினாள். எத்தனை மாதமாயிற்று அந்தக் குரலைக் கேட்டு.

மேசையில் பலகையை வைத்தேன். ஈரத் துணியையும் பட்டைப் பிரஷ்ஷையும் அவன் கையில் கொடுத்தேன்.

"எங்க?"

"எடது முன்னங்காலு. முட்டிக்குக் கீழ. தரைக் கலரை ஊற வெச்சு ஒத்தி எடு. கால் தெரியணும்."

விரலால் காகிதத்தின் ஓரத்திலிருந்து அளந்து வந்து இடத்தைப் பிடித்தான். நனைத்தான்.

"எவ்வளவு எடுக்கறது?"

"நான் போதும்னு சொல்ற வரைக்கும்."

ஒற்றினான். துணியைத் திருப்பி மறுபடி ஒற்றினான். காகிதத்தின் வெள்ளை மெல்ல மெல்ல மேலே வந்தது, முதலில் குளம்பு, அப்புறம் கணுக்கால்.

போதும் என்று நான் சொல்லவில்லை.